வாய்க்கட்டு

உங்களுக்குப் பேச்செல்லாம் போய், வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் என்று வந்தால், அது எந்த வார்த்தையாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. முருகா என்பீர்கள். அம்மா என்பீர்கள். பெற்ற பிள்ளையின் பெயர் என்பீர்கள். முத்தியால்பேட்டை கலியமூர்த்தியைக் கேட்டிருந்தால் அவரும் இதில் ஒன்றைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நம்மைக் கேட்டுவிட்டா கொடுக்கிறார்கள்? போன ஆடியில் ஒரு காலை, குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த மனுஷர் வாய் கோணி, பக்கவாட்டில் சாய்ந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். வலது கையும் வலது காலும் பாதிக்குப் பாதி வேலை செய்தன. கண் தெரிந்தது, காது கேட்டது, வந்தவர் போனவரை அடையாளம் தெரிந்தது. பேச்சு மட்டும் போனது போனதுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, ஒருநாள் மகள் அறிவுமதி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளை உற்றுப் பார்த்தார். உதடு துடித்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அப்போது வந்தது முதல் வார்த்தை.

"மயிரு."

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கையிலிருந்த ஆரஞ்சுச் சுளையைக் கீழே விட்டாள். மதி ஸ்பூனை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா இடது கையால் அவள் கன்னத்தைத் தடவினார். இன்னொரு தரம், இன்னும் மெதுவாக, கொஞ்சுவது போலச் சொன்னார்.

"மயிரு."

அதற்குப் பிறகு எது சொன்னாலும் அதுதான். பசித்தாலும் அதுதான், மூத்திரம் வந்தாலும் அதுதான். வேறு வார்த்தை வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தெருவிலேயே சுத்தமான வாய் கலியமூர்த்தியின் வாய்தான். முப்பது வருஷம் மில்லில் இருந்தவர். மில்லில் தறி ஓடும் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேசவேண்டும், கத்திப் பேசுகிறவர்களுக்கு அளந்து பேச நேரமிருக்காது. அத்தனை பேருக்கு நடுவில் இவர் மட்டும் 'சனியனே' என்றுகூடச் சொல்லமாட்டார். அவருக்கு அங்கே 'வாத்தியார்' என்றே பெயர். மில்லை மூடிய பிறகு ஒரு பாத்திரக் கடையில் வாசல் காவலுக்குப் போனார், அங்கேயும் அதே வாய்தான். மதி பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் மாமன் மகனோடு சண்டை போட்டு 'போடா மயிரு' என்றாள். கலியமூர்த்தி அடிக்கவில்லை. உப்புத் தண்ணீர் கலந்து வந்து, அழ அழ வாய் கொப்பளிக்க வைத்தார். பிறகு மடியில் உட்காரவைத்துச் சொன்னார்.

"மேஸ்திரி எங்களக் கூப்புடறதுக்கு வெச்சிருக்கான் அந்த வார்த்தைய. தெனம் கேக்கறேன். திருப்பிச் சொல்ல வாய் வரைக்கும் வரும். முழுங்கிடுவேன். ஒனக்கு சோறு போடணும்ல? அத எம் பொண்ணு வாயிலருந்தும் நான் கேக்கணுமா?"

அவர் முழுங்கியது அத்தனையும் உள்ளேயேதான் இருந்திருக்கிறது என்று மதிக்கு ஆஸ்பத்திரியில் புரிந்தது.

அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்க, மலையாளம் பேசுகிற ஒரு மாஹேக்காரப் பெண் இருந்தாள். கலியமூர்த்தி முதல் நாளே அவளை அந்த வார்த்தையால் வரவேற்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க நாட்ல இது இதவிடப் பெரிய வார்த்தையாக்கும், அம்மா" என்றாள். பிறகு மதியை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"நாம யோசிச்சுப் பேசற பேச்சு மூளையில ஒரு பக்கம். சாமி பேரு, பாட்டு, திட்டு, இதெல்லாம் தானா வர்றது. அது வேற பக்கம். அப்பாக்கு அடிபட்டது முதல் பக்கம். இந்த ஒரு வார்த்தைதான் இப்ப அவருக்குக் கதவு. வெக்கப்பட்டு அதச் சாத்திடாதீங்க. சாத்தினா உள்ள இருக்கற மனுஷன் வெளிய வர வழியில்ல."

மதி தலையாட்டினாள். அம்மா பாக்கியலட்சுமியும் தலையாட்டினாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் செய்தது, தெருப்பக்கத்துச் சன்னலைச் சாத்தியதுதான். சாத்தினது சாத்தினதுதான், பிறகு திறக்கவேயில்லை. யாராவது வாசலில் குரல் கொடுத்தால் பாக்கியலட்சுமி ஓடிப்போய்ப் புருஷன் வாயில் துண்டை வைப்பாள், எச்சில் துடைப்பது போல. துடைத்துக்கொண்டே இருப்பாள், வந்தவர் போகிறவரை.

காலையில் குளிப்பாட்டி நெற்றியில் விபூதி வைத்து முருகன் படத்தின் முன்னால் நிறுத்துவார்கள். கலியமூர்த்தி இடது கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடி, "மயிரு... மயிரு..." என்று உருகுவார். பாக்கியலட்சுமிக்கு உடம்பெல்லாம் பதறும்.

"ஐயோ, சாமி படத்துக்கு முன்னாடிங்க! வாய மூடுங்க!"

"ம்மா, அவுரு கும்புடறாரும்மா."

"இப்பிடியாடி கும்புடுவாங்க?"

"அவுரு கண்ணப் பாரு. நீ என்னிக்காவது இப்பிடி அழுது கும்புட்டிருக்கியா?"

மதிக்கு அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்த பேச்சு மெல்ல மெல்லப் பழகிவிட்டது. குட்டையாகச் சொன்னால் தண்ணீர். இழுத்துச் சொன்னால் கால் வலிக்கிறது, நீவிவிடு. கேள்வி போல ஏற்றிச் சொன்னால், ஏன் இவ்வளவு நேரம், கடையில் வேலை அதிகமா. மதி மிஷன் வீதிப் பக்கம் ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடையில் இருந்தாள். பெங்களூரிலிருந்து வரும் பிள்ளைகள் ஹெல்மெட் இறுகினாலும் சாவி சிக்கினாலும் இங்கிலீஷில் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்வார்கள். முதலாளி சிரித்துக்கொண்டு நிற்பார். அதே கடையில் மெக்கானிக் ஒருநாள் கை நசுங்கித் தமிழில் ஒன்று சொன்னதற்கு, "கஸ்டமர் முன்னாடி இன்னா பேச்சு இது" என்று வெளியே அனுப்பிவிட்டார்.

எதிர்வீட்டு முசே அந்துவான் இன்னொரு ரகம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பழைய சொல்தா. தொப்பியோடுதான் தெருவில் இறங்குவார். கேட்டுக்கு முன்னால் யாராவது ஆட்டோவை நிறுத்திவிட்டால் "மெர்து!" என்பார். வெயில் அடித்தால் மெர்து, மழை பெய்தால் மெர்து. பாக்கியலட்சுமிக்கு அவர்மேல் தனி மரியாதை. "சண்ட போட்டாக்கூட எவ்ளோ டீசன்ட்டா போடறாரு பாரு" என்பாள்.

மதி ஒருநாள் கேட்டுவிட்டாள். "தாத்தா, மெர்துன்னா இன்னா அர்த்தம்?"

அவர் மீசைக்குள் சிரித்தார். "பீ, பாப்பா."

அம்மாவிடம் வந்து சொன்னாள். பாக்கியலட்சுமி அசரவேயில்லை. "இருக்கட்டுமே. பிரெஞ்சுல பீ கூட நல்லாத்தான் இருக்குது."

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் சம்பந்தம் வந்தது. அரியாங்குப்பத்து கோபிநாத், நோணாங்குப்பம் படகுத் துறையில் டிக்கெட் கொடுக்கிறவன். அமைதியான பையன், போனில் பேசும்போது மதி பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருப்பான். அவளுக்குப் பிடித்துவிட்டது. அப்பாவைப் பற்றி அவனிடம் சொல்ல எத்தனையோ தரம் வாய் எடுத்தாள். அதற்குள் மாமன் ராஜவேல் முந்திக்கொண்டுவிட்டான்.

ராஜவேல் பாக்கியலட்சுமியின் தம்பி. மனை வாங்கி விற்றுக் கொடுக்கிற புரோக்கர். முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற நிலத்தைக் காட்டி, 'குளிர்ச்சியான இடம்' என்று சொல்லக்கூடியவன்.

"வாதம்னு சொல்லிட்டேன்கா. அதுல ஒண்ணும் இல்ல, வாதம் வராத வூடு ஏது? வாய்தான் பிரச்சன. அதுக்கும் ஒண்ணு சொல்லிட்டேன்."

"இன்னாடா சொன்ன?"

"வெரதம்னு சொல்லிட்டேன். பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடியற வரைக்கும் ஒரு வார்த்த பேசறதில்லன்னு மயிலம் முருகனுக்கு வேண்டிக்கினாரு, வாயக் கட்டிட்டாருன்னு."

மதி எகிறினாள். "மாமா, அவுரு உயிரக் குடுத்துப் பேசப் பாக்கறாரு. நீ அவுரே வாயக் கட்டிக்கினாருன்னு சொல்றியா?"

"ஒனக்கு கல்யாணம் வேணுமா, வேணாமா?"

பாக்கியலட்சுமி மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாலி ஏறட்டும்டி. அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்." மதி அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள்.

பொய் சொல்வதில் ஒரு தொல்லை உண்டு. நம்பாமல் போனால் தப்பித்துவிடலாம். ரொம்ப நம்பிவிட்டால் தப்பிக்க முடியாது. கோபிநாத்தின் அம்மா சந்திரகலா ரொம்ப நம்பிவிட்டாள். பெண் பார்க்க வந்த அன்று, உள்ளே தியானத்தில் இருக்கிறார் என்று ராஜவேல் அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தான். சந்திரகலா அந்தக் கதவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து லேசாக ஒரு "மயிரு" கேட்டது. ராஜவேல் நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருமினான்.

"எந்த அப்பன் பொண்ணுக்காக வாயக் கட்டுவான்?" என்று சந்திரகலா சொந்தக்காரர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மயிலத்துக்கே போய், சம்பந்திக்கென்று சாமி பாதத்தில் வைத்த மஞ்சள் துண்டு ஒன்றை வாங்கி வந்தாள்.

பரிசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். தெருவை அடைத்துப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஓரத்தில் சாம்பார் அண்டா. அவர்கள் பக்கத்து முறை என்னவென்றால், தேங்காய் பழம் புடவை வைத்த தட்டைப் பெண்ணின் அப்பா எடுத்துப் பையனின் அப்பாவிடம் கொடுக்கவேண்டும். கொடுக்கும்போது, 'பரிசம் எனக்கு, பொண்ணு ஒனக்கு' என்று சபை கேட்க மூன்று முறை சொல்லவேண்டும். பையனின் அப்பா 'பொண்ணு எனக்கு, பரிசம் ஒனக்கு' என்று மூன்று முறை சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். தாலி கட்டுவதெல்லாம் பிறகு. பெண் கைமாறுவது இந்தப் பேச்சில்தான்.

தட்டையும் நானே கொடுத்து, வார்த்தையையும் நானே சொல்லிவிடுகிறேன் என்பது ராஜவேலின் ஏற்பாடு. கலியமூர்த்தி உள்ளே இருப்பார், கதவு சாத்தியிருக்கும். சந்திரகலா ஒத்துக்கொள்ளவில்லை.

"வார்த்தைய நீங்க சொல்லுங்க தம்பி, வெரதம் கலையக் கூடாது. ஆனா தட்டு சம்பந்தி கையாலதான் வாங்கணும். இதுக்காகத்தான அவுரு வாயக் கட்டிக்கினு கெடக்கறாரு?"

சபை முழுக்க, ஆமாம், அதுதான் முறை என்றது. ராஜவேல் அக்காவைப் பார்த்தான். பாக்கியலட்சுமி அறைக்குள் போனாள். உள்ளே அவள் என்ன சொன்னாளோ, கெஞ்சினாளோ, வேட்டி சட்டையோடு கலியமூர்த்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் வந்தார். சந்திரகலா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மஞ்சள் துண்டை அவர் தோளில் போட்டாள்.

மதி பட்டுப் புடவையில், மணையில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் இரண்டு கையிலும் தட்டை வைத்தார்கள். வலது பக்கம் தட்டு சரிந்தது. ராஜவேல் குனிந்து அடியில் கை கொடுத்தான். எதிரில் பையனின் அப்பா கிருஷ்ணசாமி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கை நீட்டினார்.

"பரிசம்..." என்று ராஜவேல் ஆரம்பித்தான்.

கலியமூர்த்தி தலையை ஆட்டினார். வேண்டாம் என்று ஆட்டினார். ராஜவேலைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். கடித்த உதட்டில் ரத்தம் கசிந்திருந்தது. கதவு சாத்திய அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பெண்ணுக்காக, சொல்லவந்ததை மறுபடியும் முழுங்கிக்கொண்டு இருக்கிறார். மேஸ்திரி முன்னால் நின்ற அதே ஆள்.

மதி மணையை விட்டு எழுந்தாள்.

"மாமா, கைய எடு."

"இன்னாடி?"

"தட்டுலருந்து கைய எடு. நீ சொல்லாத. எங்கப்பா சொல்லுவாரு."

"மதி, ஒக்காரு," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "வெரதம்..."

"வெரதம் இல்ல." அவள் சந்திரகலாவைப் பார்த்துத் திரும்பினாள். "அத்த, எங்கப்பாவுக்கு வெரதம் ஒண்ணும் இல்ல. வாதம் வந்ததுல பேச்சு போயிடுச்சி. ஒரே ஒரு வார்த்ததான் வருது. அது கெட்ட வார்த்த. எங்களுக்கு வெக்கமா இருந்துது, வெரதம்னு பொய் சொல்லிட்டோம். நீங்க கதவு முன்னாடி வுழுந்து கும்பிட்டீங்க, நானும் பாத்துக்கினு இருந்தேன். அதுக்கு என்ன மன்னிச்சிக்கங்க. ஆனா என்னை யாரோ ஒருத்தரு வாயால குடுக்க வேணாம். எங்கப்பா இருக்காரு. அவுருகிட்ட இருக்கிற வார்த்தைய வெச்சி அவுரு குடுப்பாரு. ப்பா, நீ சொல்லு."

ராஜவேல் தட்டுக்கு அடியிலிருந்து கையை எடுத்தான்.

கலியமூர்த்தி உதட்டைப் பல்லிலிருந்து விடுவித்தார். மூச்சை இழுத்தார்.

"மயிரு மயிரு," என்றார், தன் நெஞ்சைத் தாடையால் காட்டி. "மயிரு மயிரு," என்றார், கிருஷ்ணசாமியைக் காட்டி.

பரிசம் எனக்கு, பொண்ணு ஒனக்கு. அந்த ராகம், அந்த நிறுத்தம், அந்த ஏற்ற இறக்கம். பந்தலில் இருந்த யாருக்கும் விளங்காமல் போகவில்லை. கல்யாண வீடுகளில் காலம் காலமாகக் கேட்ட பேச்சாயிற்றே. இரண்டாம் முறை இன்னும் நிதானமாகச் சொன்னார். மூன்றாம் முறை 'பொண்ணு' வரவேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. ஒரு பக்கம் கோணிய முகத்தில் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கியது.

கிருஷ்ணசாமி வாயைத் திறந்தார். "பொண்ணு..." என்று ஆரம்பித்தும்விட்டார். சந்திரகலா அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். தட்டு கலியமூர்த்தி கையிலேயே நின்றது.

அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். சபையில வந்து பேசற பேச்சா இது என்றார் ஒருவர். நோய்க்கு இன்னா பண்ணுவாங்க என்றது ஒரு குரல். கோபிநாத்தின் சித்தப்பா, "பொம்பளைங்க ஒக்காந்திருக்கற எடத்துல!" என்று துண்டை உதறினார். மதிக்கு அந்தச் சித்தப்பாவைத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று, வாசலில் நின்று டிரைவரோடு போனில் அவர் பேசிய பேச்சு அடுப்படி வரைக்கும் கேட்டது. அதில் அந்த டிரைவரின் அம்மா, அக்கா யாரும் மிச்சமில்லை.

"சித்தப்பா, நீங்க பேசினா அது கோவம். எங்கப்பா பேசினா மட்டும் அசிங்கமா?" என்றாள். "எங்கப்பா அந்த வார்த்தைய வெச்சி யாரையும் திட்டல. அவமானப்படுத்தல. பொண்ணக் குடுத்தாரு. தண்ணி கேக்கறதும் அதுலதான், சாமி கும்புடறதும் அதுலதான். நாக்குல இருக்கிறதயா பாப்பீங்க? சொல்ற மூஞ்சியப் பாக்க மாட்டீங்களா?"

"வாயாடிப் பொண்ணு," என்றார் சித்தப்பா.

சந்திரகலா அழுதுகொண்டிருந்தாள். கெட்டவள் இல்லை. அவளுக்கு வலித்தது அந்த வார்த்தை இல்லை, கும்பிட்டது. "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டனே," என்றாள். "அரியாங்குப்பம் பூரா சொல்லிட்டனே. சாமி மாதிரி மனுஷன்னு சொன்னனே. இப்ப நான் போயி இன்னான்னு சொல்லுவேன்?"

பிறகு மூக்கைத் துடைத்தாள். ஒரு முடிவுக்கு வந்தவள்போல எழுந்து பாக்கியலட்சுமியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நடந்தது இந்தப் பந்தலோட போவட்டும். வெரதம்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். கல்யாணத்தன்னிக்கி மேடையில அவுரு ஒக்காரட்டும், வேணாங்கல. இந்த மஞ்சத் துண்ட வாயில சுத்திக் கட்டி வுட்டுடலாம். வாய்க்கட்டு வெரதம்னா அப்பிடித்தான கட்டிக்கினு இருப்பாங்க? பாக்கறவங்களுக்கு பக்தியா இருக்கும். ஒரு சத்தம் வெளிய வராது. அவ்ளோதான் நான் கேக்கறேன். சரின்னு சொல்லுங்க, இப்பவே தட்ட வாங்கிக்கறோம்."

ராஜவேல் துள்ளினான். "இதுக்கு மேல இன்னா வேணும்கா? தங்கமான மனசு!"

சபையிலும் பலருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கோபிநாத் எழுந்து மதியின் பக்கத்தில் வந்து நின்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாம் மதி."

"சொல்லியிருக்கணும். தப்புதான்."

"சரி, வுடு. ரெண்டு மணி நேரம்தான? துண்டுதான? அப்புறம் அவுரு இன்னா வேணா பேசட்டும். நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

மதி அவனைப் பார்த்தாள். இவனோடு குடித்தனம் செய்வதை அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள், ஒருநாள் இரண்டுநாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கி, அப்பாவுக்கு முள் எடுத்துக் கொடுப்பது வரைக்கும் நினைத்திருக்கிறாள்.

"கோபி, ரெண்டு மணி நேரம் ஒன் வாயக் கட்டி மேடையில ஒக்கார வெச்சா ஒக்காருவியா?"

"எனக்கு எதுக்கு கட்டணும்?"

"அதத்தான் கேக்கறேன். அவுருக்கு மட்டும் எதுக்கு?"

அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"எனக்கு வேணாம்," என்றாள் மதி, சபை கேட்க. "எங்கப்பன் வாயக் கட்டித்தான் எனக்குத் தாலி ஏறணும்னா, அந்தத் தாலி வேணாம். வாய்க்கு வந்தத திருப்பிச் சொல்ல முடியாம, மில்லுல அத்தன வருஷம் வாயக் கட்டிக்கினு நின்னாரு. எனக்காக நின்னாரு. போதும்."

எதிர்வீட்டு முசே அந்துவான் முன்வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். தொப்பியை மடியிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, பெருமூச்சு விட்டு, "மெர்து" என்றார். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, நீ சொல்லு!" ராஜவேல் பாக்கியலட்சுமியைப் பிடித்து உலுக்கினான். "சின்னப் பொண்ணு, ஏதோ ஆத்திரத்துல பேசறா. நீ பெரியவ. துண்ட எடுத்து மாமாவுக்குக் கட்டிக் காட்டு, எல்லாம் சரியாப் போயிடும்."

பாக்கியலட்சுமி எழுந்தாள். புருஷன் தோளிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்தாள். இத்தனை மாதமாக அந்த வாயைத் துடைத்துத் துடைத்து மூடிய கை அது.

கலியமூர்த்தி மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கை ஓய்ந்துபோய்த் தட்டு மடியில் இறங்கியிருந்தது. உதட்டை மறுபடியும் உள்ளே இழுத்துப் பல்லால் கடித்துக்கொண்டு, கட்டுவதற்குத் தோதாக முகத்தை மெதுவாகத் தூக்கிக் கொடுத்தார்.

பாக்கியலட்சுமி அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு துண்டை நாலாக மடித்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள், சாமி துண்டாயிற்றே. கொண்டுபோய்ச் சந்திரகலா கையில் வைத்தாள்.

"கோயில் துண்டுக்கு கோயில்லதான் வேல, அண்ணி."

"யக்கா! இன்னா பண்ற நீ? நல்ல எடம்கா! கையில வந்தது..."

பாக்கியலட்சுமி தம்பி பக்கம் திரும்பினாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அந்தத் தெரு கேட்டிராத ஒன்றை அன்றைக்குக் கேட்டது.

"எடமும் வேணாம், ஒரு மயிரும் வேணாம். போடா."

கலியமூர்த்தியின் வாய் திறந்தது. முதலில் இருமல் என்று நினைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தார். வாதம் வந்த பிறகு அந்தச் சிரிப்பை வீட்டில் யாரும் கேட்டதில்லை. தோள் குலுங்க, தட்டிலிருந்த எலுமிச்சம்பழங்கள் உருண்டு கீழே ஓட, பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தார். "மயிரு!" என்றார். அது எந்த அர்த்தம் என்று மதிக்கே புதிது.

"சும்மா இருங்க நீங்க," என்றாள் பாக்கியலட்சுமி. முகம் சிவந்துவிட்டது. ஆனால் துண்டைத் தேடவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வேன் ஏறினார்கள். கிருஷ்ணசாமி மட்டும் திரும்பி வந்தார். கலியமூர்த்தியின் இடது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். கோபிநாத் வேன் சன்னலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். சாம்பாரை அந்தத் தெருக்காரர்களே சாப்பிட்டார்கள். முசே அந்துவான் இரண்டு தரம் கேட்டு வாங்கினார். மதி பட்டுப் புடவையை அவிழ்த்து மடிக்கும்போதுதான் அழுதாள், அதுவும் கதவைச் சாத்தாமல்.

மறுநாள் காலை பாக்கியலட்சுமி தெருப்பக்கத்துச் சன்னலைத் திறந்து, அதன் முன்னால் கலியமூர்த்தியின் நாற்காலியைப் போட்டாள். கோபிநாத்திடமிருந்து போன் வரவில்லை. பால் ஊற்றுகிற குஞ்சம்மாள் வந்தாள். கலியமூர்த்தி அவளிடம் மயிரு என்றார். அவள் பாலை ஊற்றிவிட்டுப் போனாள். மதி கடைக்குக் கிளம்பினாள்.